சாத்தியிருந்த கதவு

மரக் கதவுக்கும் தகரக் கதவுக்கும் ஒரே பக்குவம் ஆகாது ஐயா. மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, இடுக்குகளில் மக்கு வைத்து அடைக்க வேண்டும். தகரத்துக்குத் துருவைச் சுரண்டி, சிவப்பு ஈயம் பூசின பிறகே பெயிண்டு. அவசரப்பட்டால் கடல்காற்று ஆறு மாதத்தில் உரித்துவிடும்.

மில்லர்புரத்தில் தாணுலிங்கம் அண்ணாச்சியின் மோட்டார் கொட்டகைக்கு முன்னால் மரக் கதவு, பின்னால் தகரக் கதவு. போன மாதம் இரண்டுக்கும் பெயிண்டு அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார். நான் யார் என்பது அவருக்கு நினைவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன், பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கியில் தீப்பிடித்தது. வேலைக்கு வரும் பெண்கள் பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வெளியே பூட்டுப் போடுவது அவர் வழக்கம். என் பெண்சாதி பிச்சம்மாள் உள்ளே இருந்தாள். விசாரணையில் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"நடந்ததைத்தாம்லே எழுதிருக்கு. பெருவிரலை வைலே" என்றார் அண்ணாச்சி. வைத்தேன்.

நாற்பது வயதுக்கு மேல், கடைப் பலகைகளில் பெயர் எழுதும் வேலைக்காக எழுத்துப் படித்தேன். விசாரணையில் எனக்குக் கொடுத்து, பெட்டியில் கிடந்த அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டியிருக்கவில்லை என்று நான் சொன்னதாக இருந்தது. சாத்தியிருந்த கதவைத் திறக்கத் தெரியாமல் செத்தவள் என்று என் பெண்சாதியைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

யுத்தத்தில் பெட்ரோலுக்குச் சீட்டு வந்ததிலிருந்து அண்ணாச்சியின் கார் கரி வாயுவில் ஓடியது. காருக்குப் பின்னால் மாட்டிய கரி அடுப்பைக் காலையில் அவரேதான் பற்றவைப்பார். கச்சான் காற்று அணைத்துவிடும் என்று மேற்கே பார்த்த முன் கதவைச் சாத்திக்கொள்வார். புகை பின் கதவு வழியாகப் போகும். அன்று காலை அவர் வருவதற்கு முன்பே நான் அந்தப் பின் கதவுக்குப் பெயிண்டு அடித்து, வெளியே ஆப்பு வைத்திருந்தேன்.

"என்னலே, பின் கதவு தொறக்க மாட்டேங்கு?"

"ஈரம் அண்ணாச்சி. தொறந்தா மண்ணு ஒட்டிரும். பொறவு மறுக்கா அடிக்கணும்."

"சரி, கெடக்கட்டும். மிச்சப் பெயிண்டை ஒன் தலையில பூசிக்கிடு. நரைச்சுப்போச்சு பாரு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் முன் கதவைச் சாத்தினார்.

அதன் பலகை இடுக்குகளில் நான் அடைத்த மக்கு நன்றாக இறுகியிருந்தது. வெளியே நாதாங்கியை மாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். நான் ஒன்றுதான் கேட்டேன். "அன்னைக்குக் கிட்டங்கிக் கதவு சாத்தியிருந்துச்சா, பூட்டியிருந்துச்சா?"

இருமல். "யாருலே நீ?"

"பிச்சம்மா புருசன்."

"பூட்டித்தான் இருந்துச்சு. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. தொறலே." மறுபடி இருமல். "தொறங்கய்யா."

எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான் ஐயா. அதைச் சொன்னால் திறந்துவிடுவது என்றுதான் போயிருந்தேன். உயிரை எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. நிலையின் ஓரத்தில் இரண்டு முழம் அடிக்காமல் விட்டுப்போயிருந்தது, அதை அடித்தேன். அவர் தட்டிக்கொண்டிருந்த வரைக்கும் கோடு கோணலாகவே வந்தது. தட்டல் நின்ற பிறகு நேராக வந்துவிட்டது.