கெர்ஷாக்கள் நாடாவை முத்தமிட்ட நாள்

அன்று டான்டன் ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: வில்லார்ட் கெர்ஷா என்கிற நான், வயது எண்பத்தொன்று, என் தம்பி லாய்ட், லாய்டின் ஒரே மகள் மெரில், எங்கள் தங்கை எட்னா, பாஸ்டனிலிருந்தும் பிராவிடன்ஸிலிருந்தும் வந்திருந்த மற்ற கெர்ஷாக்கள் முப்பத்தொரு பேர், எட்னாவின் நாய். ஆளுக்கு ஆறு சிப்பி வடை வீதம் வாங்கியிருந்தேன். நாய்க்கும் சேர்த்துத்தான். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அருமையான நாள். நீங்கள் விசாரித்த எல்லோரும் அதைச் சொல்லியிருப்பார்கள். வாழ்நாள் முழுவதும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தாத நான் இடுப்பளவு சாக்குக்குள் நின்று தத்தித் தத்தி ஓடி மூன்றாவதாக வந்தேன். காலோடு கால் கட்டி ஓடும் பந்தயத்தில் லாய்டும் எட்னாவும் உருண்டுபோய் எலுமிச்சைச் சாறு வைத்த மேஜையைக் கவிழ்த்தார்கள். விக்கல் எடுக்கும்வரை சிரித்தேன். காலையிலிருந்தே உடம்பு இறகாக இருந்தது. முடிவெடுத்துவிட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா சைலஸ் கெர்ஷா இங்கிலாந்தில் பர்ன்லி ஊரின் நெசவாலை ஒன்றில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். அதன் பிறகு அங்கே யாரும் அவருக்கு வேலை தரவில்லை. கப்பலேறி அமெரிக்காவில் இந்த ஃபால் ரிவர் ஊருக்கு வந்தார். கையில் இருந்தது ஒரு நாடா. தறியில் குறுக்கே ஓடும் மரநாடா. அக்காலத்து நெசவாளர் அதன் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். நாடாவை முத்தமிடுவது என்பார்கள். ஒருவர் எச்சில் மற்றவருக்குப் போய்க் காசம் பரவுகிறது என்று பிற்பாடு ஆலைகளில் அதை நிறுத்தினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. ஆண்டுக்கொருமுறை கூடும்போது, வயதில் பெரியவர் தொடங்கி, ஒவ்வொரு கெர்ஷாவும் சைலஸின் நாடாவை முத்தமிட்டு நூல் இழுக்க வேண்டும். ஒவ்வொருவருக்குப் பிறகும் கைக்குட்டையால் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவது குடும்பத்தில் மூத்தவனின் வேலை.

மெரில் மூன்று வாரம் பர்ன்லியில் தங்கிப் பழைய காகிதங்களைப் புரட்டினாள். அனுப்பியதே நான்தான். திரும்பியதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே சிரிப்பு.

"பெரியப்பா, முதல்ல உட்காருங்க. நம்ம சைலஸ் தாத்தா வேலைநிறுத்தம் நடத்தினவரே இல்ல. நடத்தின பதினாலு பேரோட பேர எழுதி முதலாளிகிட்ட குடுத்தவரு. கப்பல் டிக்கெட்டே அதுக்குக் கிடைச்ச கூலி."

ஆலை மேலாளர் எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டினாள். கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அந்தப் பதினான்கு பேரில் சைலஸின் உடன்பிறந்த தம்பியும் ஒருவர். இந்த ஆண்டுக் கூட்டத்தில் கேக் வெட்டும்போது இதைப் படிக்கப்போவதாகவும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றும் சொன்னாள். படிக்க வேண்டாமே என்றேன்.

"நூத்து நாப்பது வருஷமாச்சு. செத்தவங்க மானத்துக்கு நீங்க என்ன காவலா?"

"ஆமாம்மா," என்றேன்.

அவள் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். அவர்கள் கோபப்பட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அழுதிருந்தாலும் சரி. சிரித்திருப்பார்கள். அதுதான் முடியாது.

மெரிலுக்கு வேர்க்கடலை ஆகாது. ஐந்து வயதில் பாதி பிஸ்கட்டைத் தின்று மூச்சு நின்றவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். அன்று முதல் எங்கள் கூட்டங்களில் வேர்க்கடலையின் வாசம்கூடக் கிடையாது. அந்த விதியைப் போட்டதும் நான்தான்.

அன்று என்னிடம் இரண்டு கைக்குட்டைகள் இருந்தன. மற்றவர்களுக்கு ஒன்று, மெரிலுக்கு ஒன்று. அவளுடைய அவசர ஊசியும் அந்தக் கடிதமும் இருந்த கைப்பையை, யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று சொல்லி, என் காரில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

நான் முதலில் இழுத்தேன். லாய்டின் முறை வந்தபோது எட்னா, "அண்ணே, மெதுவா உறிஞ்சு. போன வருஷம் நூலுக்குப் பதிலா உன் பல்லுதான் வந்துச்சு," என்றாள். லாய்ட் கண்ணை உருட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சாகிறவனைப் போல் புல்லில் சாய்ந்தான். ஒரே கும்மாளம். அதற்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அப்படியே செய்தார்கள். சிரித்துச் சிரித்து என் வயிறு வலித்தது.

மெரிலின் முறை வந்ததும் நாடாவை இரண்டாவது கைக்குட்டையால் துடைத்து நீட்டினேன். ஒரே மூச்சில் இழுத்தாள். கைதட்டினோம். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தாள். அவளுடைய அப்பாதான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினான். நானும் சிரித்தேன். அது நடிப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னைப் பார்த்து, "ஊசி, பெரியப்பா," என்றாள். கார் சாவியைத் தேடினேன். எல்லாச் சட்டைப்பைகளிலும் தேடினேன். நிதானமாகத் தேடினேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளைவிட இளையவர்கள் ஒன்பது பேர் அன்று முத்தமிடவில்லை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றபோது சாவி கிடைத்தது. கடிதத்தை வடை சுட்ட அடுப்புக்கரியில் போட்டேன். சீக்கிரம் எரிந்தது.

இதைச் செய்தது நான், நான் மட்டும். லாய்டுக்கு இன்னும் தெரியாது. அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும். சொந்த ரத்தத்தையே பலி கொடுத்த ஒருவன் கெர்ஷா குடும்பத்தில் இருந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். அது வெறும் வதந்தி. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவன் பிறந்ததே இல்லை.