சுத்தமான தண்ணி

— சிரிக்காதீங்க மாதண்ணா. சத்தியமா நாந்தான் கொன்னேன். பழி உங்க மேல விழுந்திருச்சு.

— பேட்டரியக் கொன்னேங்கிற. அது என்ன ஆடா, கோழியா? லாந்தர அந்தாண்ட வச்சிட்டு இப்பிடி உக்காரு மேரி. உள்ள எம்மவ தூங்குறா, மெதுவாப் பேசு. இந்நேரத்துக்கு நீ மாட்டுக் கொட்டாய்க்கு வந்தது லூர்தம்மாவுக்குத் தெரியுமா?

— அம்மா அசந்து தூங்குறாங்க. விடிஞ்சா வர்ற ஆறு விருந்தாளிங்களுக்கு இட்லி ஊத்தணுமில்ல. நீங்க மூட்ட கட்டிட்டீங்களா?

— கட்டியாச்சு. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஏரியூரு, அங்கிருந்து பாப்பாரப்பட்டி, மாமியார் வூடு. விடிஞ்சா உன் மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு குப்புராஜ் ஐயா சொல்லிட்டாரே. நாலு வருசம் இந்தக் குழியில சாணி கரைச்சுக் கேஸ் வுட்டேன். அந்தக் கேஸுல டீ குடிச்சுட்டு, என்ன ருசி என்ன ருசின்னுவாங்க பெங்களூர்க்காரங்க. எதுல கொதிச்சுதுன்னு சொன்னதும் டம்ளர கீழ வச்சிருவாங்க.

— அன்னைக்கு ஒரு அம்மா வாந்தியே எடுத்துட்டாங்க.

— எனக்கு ஒண்ணுதான் வெளங்கல, கண்ணு. இந்த மலையில கரண்டு கம்பமே இல்ல. நம்ம அப்பன் பாட்டன் காலத்துலருந்து இருட்டுலதான் சோறு தின்னோம். ஒருத்தனும் நமக்குக் காசு குடுக்கல. இவுங்க மூணு லைட்டு, அதுவும் ஒம்போது மணி வரைக்கும்தான்னா, காசு குடுத்து வந்து தங்குறாங்க. அது எப்பிடி?

— நாளைக்கு வர்றவங்க தங்க மட்டும் வரல. இதே மாதிரி வூடு இன்னும் பத்து கட்டலாமான்னு பாக்க வராங்களாம். மாடியில இருக்கற சோலார் தகடு பாக்கணும், பேட்டரி பாக்கணும், ராத்திரி லைட்டு எரியறதப் பாக்கணும். அதான் ஐயாவுக்கு அவ்வளவு கோவம். இன்னைக்கு வந்து சுவிச்சப் போட்டாரு, ஒண்ணும் எரியல. அப்ப உங்களப் பேசுனாரே, நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது உன் வேல, கெணத்துத் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்ட, எட்டாயிரம் ரூவா சாமான்னு. நீங்க தரையப் பாத்துட்டே நின்னீங்க. நான் ஊத்தலீங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. ஏன் சொல்லல?

— அத வுடு. நீ எப்பிடிக் கொன்ன? அதச் சொல்லு மொதல்ல.

— யாருகிட்டயும் சொல்லக்கூடாது.

— இந்த மாட்டுகிட்ட வேணா சொல்லுவேன்.

— போன ஞாயித்துக்கெழம நீங்க பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தீங்கல்ல. நான் எப்பவும் போல மாடிக்குப் போயி சோலார் தகட்டத் தொடச்சேன். எறங்கி வந்து சும்மாதான் பேட்டரி மூடியத் தொறந்து பாத்தேன். ஆறு ஓட்டையிலயும் தண்ணி கீழ போயிருச்சு. உள்ள இருக்கற ஈயத் தகடு வெளிய தெரியுது. தகடு தெரிஞ்சா பேட்டரி செத்துரும்னு ஐயா சொல்லிருக்காரில்ல? ஓடிப்போயி ஸ்டோர் ரூம்ல பேட்டரித் தண்ணிக் கேனத் தூக்கிப் பாத்தேன். காலி. ஒரு சொட்டு இல்ல.

— ம்.

— ஐயா பெங்களூர்ல. போன் பண்ணணும்னா பென்னாகரம் போகணும். நீங்களும் இல்ல. வெயில் வேற கொளுத்துது, மாடித் தகடு கரண்ட உள்ள தள்ளிட்டே இருக்கு.

— அதனால கெணத்துத் தண்ணிய ஊத்திட்ட.

— ஐயோ, இல்ல. எனக்குத் தெரியாதா? நம்மூர்த் தண்ணியில கண்ட உப்பெல்லாம் இருக்கு, அது பல்ல மஞ்சளாக்கும், ஒரு சொட்டு உள்ள போனாலும் பேட்டரியத் தின்னுரும், சுத்தமான தண்ணிதான் ஊத்தணும்னு ஐயா எத்தன தடவ சொல்லிருக்காரு. எங்க வூட்டுல சுத்தமான தண்ணி ஒண்ணுதான் இருந்துச்சு.

— என்ன தண்ணி?

— தீர்த்தம்.

— எந்தத் தீர்த்தம்?

— எங்க கோயில் தீர்த்தம். பாஸ்கா அன்னைக்கு, ஈஸ்டர் ராத்திரி, சாமியார் அண்டாவுல வச்சு மந்திரிப்பாரு. அம்மா ரெண்டு பாட்டில் புடிச்சு மாதா படத்துகிட்ட வச்சிருந்தாங்க. காய்ச்சல் வந்தா நெத்தியில தொட்டு வப்பாங்க. அதவிட சுத்தம் எது? ஒரு ஓட்டைக்கு ஒரு அருள் நிறைந்த மரியேன்னு, ஆறு தடவ சொல்லி ஆறு ஓட்டையிலயும் ஊத்துனேன்.

— அட ஆத்தா. பேட்டரிக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்க.

— சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல.

— இல்ல, சிரிக்கல. பேரு என்ன வச்ச? சூசையா, அந்தோணியா?

— மாதண்ணா, நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

— சரி சரி, உக்காரு. அப்பறம் என்னாச்சு? ஒடனே செத்துருச்சா?

— இல்ல. ரெண்டு நாள் நல்லாத்தான் எரிஞ்சுச்சு. மூணாம் நாள் ரூமத் தொறந்தா ஒரு நாத்தம். கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டா வருமே, அந்த மாதிரி. கண்ணெல்லாம் எரிஞ்சுது. ராத்திரி லைட்டு மஞ்சளா, சாகப்போற மாதிரி எரிஞ்சுது. நேத்து அதுவும் இல்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

— என்ன தெரிஞ்சுது?

— சாமி பொருள எடுத்து லைட்டு எரியறதுக்கு ஊத்துனேன். அதான் சாமி அணைச்சுட்டாரு. மூணு நாளா நான் தூங்கல. கண்ண மூடுனா அந்த நாத்தம் வருது. இன்னைக்கு உங்க வேல போச்சு. அடுத்து என்ன போகுமோ? எங்கம்மாவுக்கு வேற ஒரு வாரமா நெஞ்சு வலிக்குதுங்கறாங்க.

— அழாத. இரு. அந்தப் பாட்டில்ல மிச்சம் எதாச்சும் இருக்கா?

— கொண்டாந்திருக்கேன். உங்க மேல தெளிச்சா பழி போயிருமோன்னு.

— குடு இப்பிடி. நான் ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டுமா? உங்க சாமி கோச்சுக்குமா?

— தெரியல. யாரும் கேட்டதில்ல.

— த்தூ. மேரி, இது கரிக்குது.

— என்ன கரிக்குது?

— நீயே நாக்குல வச்சுப் பாரு.

— ஆமா. உப்பு. சாமியார் போடுவாரில்ல, மறந்தே போச்சு. ஒரு தட்டுல உப்பு வச்சு அதத் தனியா மந்திரிச்சு, ஒரு கை அள்ளி சிலுவ போட்டாப்புல தண்ணியில தூவுவாரு. வருசா வருசம் பாக்கறேன்.

— ஐயா என்ன சொன்னாரு? பேட்டரிக்குள்ள எது போகக்கூடாது?

— உப்பு.

— அவ்வளவுதான். கெணத்து உப்புக்குப் பயந்து கோயில் உப்பப் போட்டுட்ட. சாமி கோவமும் இல்ல, சாபமும் இல்ல. உங்க சாமிக்குக் கோவம்னா உங்க வூட்டு லாந்தர அணைக்கும். ஐயா வூட்டு லைட்ட எதுக்கு அணைக்குது? அவுருக்கும் அதுக்கும் என்ன தகராறு?

— நெசமாத்தான் சொல்றீங்களா? சத்தியமா?

— நாக்குல இன்னும் கரிக்குது. வேற என்ன சத்தியம் வேணும்?

— அப்ப நான் போயி ஐயாவ எழுப்பறேன்.

— எதுக்கு?

— சொல்றதுக்குத்தான். பாவம்னுதான் வாயத் தொறக்கப் பயந்தேன். வெறும் உப்புன்னா என்ன பயம்? திட்டுவாரு, வாங்கிக்கறேன். எங்கம்மா கை சமையல வுட்டா அவருக்கு இந்த மலையில ஆளு கெடையாது, எங்கள அனுப்ப மாட்டாரு. நீங்க மூட்டைய அவுருங்க.

— உக்காரு மேரி. சொல்லாத.

— ஏன்? நீங்க செய்யாததுக்கு நீங்க எதுக்குப் போகணும்?

— நான் சொல்றதக் கேளு, வேண்டாம்.

— சாயந்தரமும் இப்பிடித்தான் தரையப் பாத்தீங்க. காரணம் சொல்லாம நான் உக்கார மாட்டேன்.

— ஐயா நல்ல மனுசன். தீர்த்தம்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு. ஆனா இஞ்சினீரு, கண்ணு. சிரிச்சு முடிச்சுட்டு அடுத்த கேள்வி கேப்பாரு. ஆறு மாசத்துக்குன்னு சேலத்துலருந்து கொண்டாந்து வச்ச கேனு, ரெண்டு மாசத்துல எப்பிடிக் காலியாச்சுன்னு.

— ஆமால்ல. எப்பிடிக் காலியாச்சு? கேனு ஓட்டையா?

— ஓட்டையில்ல.

— வித்துட்டீங்களா?

— பேட்டரித் தண்ணிய எவன் வாங்குவான்?

— பின்ன?

— எம்மவ நடக்கறத நீ பாத்திருக்கில்ல. போன தையிலருந்து முட்டி ரெண்டும் உள்ள வளையுது. தருமபுரி ஆஸ்பத்திரியில காட்டுனேன். உங்கூர்த் தண்ணியில இருக்கற உப்புதான் எலும்ப வளைக்குது, தண்ணிய மாத்துங்கன்னாரு டாக்டரு. எங்க போயி மாத்த? மலைய மாத்தவா? அந்த வாரந்தான் ஐயா இந்தக் கேனக் கொண்டாந்து எறக்குனாரு. தட்டிக் காட்டிச் சொன்னாரு, மாதையா, இந்த ஜில்லாவுலயே சுத்தமான தண்ணி இதுதான்டா, இதுல ஒண்ணுமே இல்லன்னு.

— மாதண்ணா.

— தெனம் ஒரு சொம்பு. காச்சி ஆற வச்சுத்தான் குடுத்தேன். பேட்டரிக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்னுதான் நெனச்சேன், நாள் போனதே தெரியல. வத்திப்போயித்தான் செத்துருச்சு, நாந்தான் கொன்னேன்னு இருந்தேன். நீ வந்து உப்புங்கற. எதுவா இருந்தா என்ன, திருட்டு திருட்டுத்தான். எம்மவ காது கேக்க ஐயா என்னத் திருடன்னு சொல்லிரக்கூடாது. அதுக்கு முன்ன பஸ் ஏறிடுறேன்.

— மூட்டைய அவுருங்க மாதண்ணா. ஞாயித்துக்கெழம ஸ்டோர் ரூமக் கூட்டறப்ப கேன நாந்தான் ஒதச்சுக் கவுத்துட்டேன், மொத்தத் தண்ணியும் தரையில போச்சு, அத மறைக்கத்தான் தீர்த்தத்த ஊத்துனேன்னு காலையில ஐயாகிட்ட சத்தியம் பண்ணிச் சொல்லப்போறேன்.