கமக்காரர் தந்த ஆசீர்வாதம்

மிச்சம் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த இளையவளைக் கேட்டார்:

"கனடாவில உம்மட மனுசன் வெள்ளைக்காரன்ர காலில விழுந்தவராமே?"

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"ஓமக்கா. ஸ்நோ பாக்கப் போய், பிரெஞ்சு பேசுற கிராமமொண்டில பண்ணை வச்சிருந்த ஒரு கமக்காரர் வீட்டில அறை எடுத்து நிண்டனாங்கள். புதுவருசத்தண்டு அங்கத்தை வழக்கப்படி அவற்ற பிள்ளையள் அவருக்கு முன்னால முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கிச்சினம். கடைசியில இவரும் போய் முழந்தாளிட்டிட்டார்."

"ஐயோ! அந்தக் கமக்காரர் என்ன செய்தவர்?"

"இவற்ற தலையிலயும் கை வச்சார். இவர் அழத் தொடங்கிட்டார். தன்ர அப்பான்ர செத்தவீட்டுக்கு ஊருக்குப் போகேலாமப் போச்சுதெல்லே."

"பிறகு?"

"இந்தப் புதுவருசம் அந்தக் கமக்காரரே இவருக்குப் போன் எடுத்தவர். இவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காது. ரிசீவரோட அப்பிடியே முழந்தாளிட்டிட்டார்."