ஜோடியாத்தான் மாட்டணுமாம்

டாக்டர்: இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், அப்படியே இருங்க. மூடாதீங்க.

கணவர்: ஆ... ஆஆ...

டாக்டர்: பேசாதீங்க சார். பல் பாக்குற கண்ணாடியக் கடிச்சிடப் போறீங்க.

மனைவி: அவரால பேசாம இருக்க முடியாது டாக்டர். கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவர். நாள் பூரா "பிரேக்க மிதி, பிரேக்க மிதி"ன்னு கத்தியே பழக்கம்.

டாக்டர்: சரி, மூடலாம். இப்ப சொல்லுங்க. குறட்டை எப்படி? லேசாவா, பலமாவா?

கணவர்: பலமா டாக்டர். வீடே அதிரும்.

மனைவி: அவ்ளோ ஒண்ணும் இல்ல டாக்டர்.

கணவர்: நீ சும்மா இரு. ஜன்னல் கதவெல்லாம் ஆடும் டாக்டர். சொந்தக்காரங்க மத்தியில எனக்குப் பேரே ரயில். மச்சினன் பசங்க "ரயில் மாமா வந்தாச்சு"ன்னுதான் வாசல்லயே கத்துங்க.

மனைவி: அதுங்க ஏதோ விளையாட்டுக்கு...

டாக்டர்: இருங்க, இருங்க. இந்த நாற்காலில உக்கார்ற ஆம்பளைங்க எல்லாம் "நானா? குறட்டையா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. பொண்டாட்டிதான் அழாத குறையா புகார் சொல்லுவாங்க. உங்க வீட்ல என்ன தலைகீழா இருக்கு?

மனைவி: அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளு.

கணவர்: இவ குறைச்சுச் சொல்ற ஆளு... ஆமா, கார் கண்ணாடிய ஏத்தினேனா?

மனைவி: ஏத்தினீங்களே.

கணவர்: பின்பக்கம்? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன். டிரைவிங் ஸ்கூல் வண்டி... ஏதாவது ஒண்ணுன்னா முதலாளி என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவார்.

மனைவி: வந்த இடத்துலயும் என்னை ஏவுறதுக்குக் குறைச்சல் இல்ல... இதோ வந்துடறேன் டாக்டர்.

கணவர்: ...போயிட்டாளா?

டாக்டர்: போயிட்டாங்க.

கணவர்: கதவு?

டாக்டர்: சாத்தியாச்சு. என்ன சார், பேங்க் கொள்ளைக்கா திட்டம் போடுறோம்?

கணவர்: டாக்டர்... நான் குறட்டையே விடுறதில்ல.

டாக்டர்: எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. பாத்த உடனே அடிச்சுச் சொல்ல முடியாதுதான். ஆனா உங்க தொண்டையில பஸ்ஸே திரும்பும் போல இருக்கு. அப்போ ரயில் யாரு?

கணவர்: அவதான்.

டாக்டர்: அவங்களுக்குத் தெரியாதா?

கணவர்: தெரியாது. கல்யாணமான புதுசுல ஒரு நாள் காலையில, எங்க அக்கா நடுக்கூடத்துல வெச்சு, "ராத்திரி பூரா உங்க ரூமுக்குள்ள என்ன மாவு மில்லா ஓடுச்சு?"ன்னு கேட்டுட்டா. வீட்டுல அத்தனை பேரும் இருக்காங்க. இவ ஒண்ணும் புரியாம முழிக்கிறா. புதுப்பொண்ணு... முகம் எப்படி ஆயிருக்கும், சொல்லுங்க? "நான்தான்க்கா"ன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஏறினது, இன்னும் இறங்கல.

டாக்டர்: அடடா... சரி, இப்ப மட்டும் எதுக்கு இறங்கப் பாக்குறீங்க?

கணவர்: சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். அது எனக்குப் பழகிப் போச்சு. கொஞ்ச நாளா... நடுவுல நின்னுடுது.

டாக்டர்: எது, சத்தமா?

கணவர்: மூச்சு. ஒண்ணுமே இருக்காது. அப்புறம் தண்ணிக்குள்ள முங்கினவங்க வெளிய வர்ற மாதிரி ஒரு இழுப்பு. அது வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. பயமா இருக்கு டாக்டர்.

டாக்டர்: நீங்க தூங்குறீங்களா?

கணவர்: எங்க தூங்குறது? நேத்து வண்டி ஓட்டக் கத்துக்க வந்த பொண்ணு என்னைத் தட்டி எழுப்பி, "மாஸ்டர், சிக்னல் வந்துடுச்சு, நிறுத்தவா?"ங்குது.

டாக்டர்: ஐயையோ!

கணவர்: அதான் டாக்டர்... நீங்க ஒரே ஒரு பொய் சொல்லணும். குறட்டைக்கு வாயில மாட்டுற கிளிப் இருக்குல்ல? அது ஜோடியாத்தான் மாட்டணும்னு சொல்லிடுங்க. புருஷன் மாட்டினா பொண்டாட்டியும் மாட்டணும்னு.

டாக்டர்: அது என்ன செருப்பா சார், ஜோடியா வர்றதுக்கு?

கணவர்: நீங்க சொன்னா நம்பிடுவா.

டாக்டர்: அது கீழ்த்தாடைய லேசா முன்னால இழுத்துப் பிடிக்கும். தொண்டையில காத்து போக வழி கிடைக்கும். அவ்ளோதான். ஆனா மூச்சே நிக்குதுன்னா, எடுத்த எடுப்புல மாட்டிவிட முடியாது. முதல்ல அவங்க தூங்கும்போது பரிசோதனை பண்ணிப் பாக்கணும். அவங்களுக்கே தெரியாம எப்படி...

கணவர்: வர்றா, வர்றா... உஷ்!

மனைவி: எல்லாக் கண்ணாடியும் ஏத்தித்தான் இருக்கு.

கணவர்: அப்படியா? நல்லதாப் போச்சு.

டாக்டர்: சார், நீங்க வாயக் கொப்பளிச்சுட்டு வெளிய கொஞ்சம் உக்காருங்க. உங்க வீட்டம்மாகிட்ட நான் கொஞ்சம் பேசணும்.

கணவர்: என்ன... என்ன பேசணும்?

டாக்டர்: உங்க குறட்டையப் பத்தித்தான். போங்க.

மனைவி: ...டாக்டர், அவர் திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்.

டாக்டர்: நானும் உங்ககிட்ட ஒண்ணு...

மனைவி: நான் முதல்ல கேட்டுடறேன். இல்லன்னா தைரியம் போயிடும். அந்தக் குறட்டை கிளிப்பு... அது ஜோடியாத்தான் மாட்டணும்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா?

டாக்டர்: ...என்னது?

மனைவி: அதாவது, புருஷன் மாட்டினா பொண்டாட்டியும்...

டாக்டர்: இருங்கம்மா. நான் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

மனைவி: குறட்டை விடுறது அவர் இல்ல டாக்டர். நான்.

டாக்டர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மனைவி: நான் லைப்ரரியில வேலை பாக்குறேன். "சத்தம் போடாதீங்க"ன்னு சொல்றதுதான் பாதி வேலை. ஒரு மத்தியானம் உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன். திடீர்னு ஒரு உறுமல். தூக்கிவாரிப் போட்டு எழுந்து, "யாரது சத்தம் போடுறது?"ன்னு அதட்டினேன்... படிச்சிட்டிருந்த அத்தனை பேரும் என்னையே பாக்குறாங்க.

டாக்டர்: சிரிக்கக் கூடாதுதான்... மன்னிச்சுக்கங்க...

மனைவி: நல்லா சிரிங்க. வீட்டுக்குப் போய் நானும் சிரிச்சேன். அப்புறம்தான் அழுகை வந்துச்சு. பாவம், எத்தனை வருஷமா எல்லாரும் அவரை ரயில் ரயில்னு கேலி பண்றாங்க... நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன் டாக்டர்.

டாக்டர்: அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?

மனைவி: எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? தான்தான் குறட்டை விடுறதா அவர் நம்பிட்டு இருக்கார்.

டாக்டர்: நம்பிட்டு இருக்காரா?

மனைவி: பின்ன? படுத்தா மரக்கட்டை. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

டாக்டர்: ம்... காலையில எழுந்தா தலை வலிக்குதா? பகல்ல அசதியா இருக்கா?

மனைவி: அசதியாவா? புத்தகம் அடுக்கிட்டே தூங்குறேன்.

டாக்டர்: சார்! உள்ள வாங்க!

மனைவி: ஐயோ டாக்டர், சொல்லிடாதீங்க...

டாக்டர்: நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வாங்க சார். ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. குறட்டைக்கு வைத்தியம் இருக்கு. ஆனா ஜோடிக் கிளிப்புன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது.

கணவர்: டாக்டர்!

மனைவி: டாக்டர்!

டாக்டர்: யாருக்கு மூச்சு தடுமாறுதோ அவங்களுக்குத்தான் பரிசோதனை. கிளிப்புக்கு அச்சு எடுக்கிறதும் அவங்க வாயிலதான். தேவையில்லாதவங்க மாட்டினா தாடை வலிதான் மிச்சம். தேவைப்பட்டவங்க மாட்டாம விட்டா, நெஞ்சையே பாதிக்கலாம். நான் பயமுறுத்தல, ஆனா இது விளையாட்டும் இல்ல. குறட்டை யாரோடதோ, அவங்க வந்து நாற்காலில உக்காரலாம்.

கணவர்: நான்தான். இதோ உக்காந்துட்டேன்.

மனைவி: எந்திரிங்க.

கணவர்: ஏய், நீ பேசாம இரு...

மனைவி: எந்திரிங்கன்னா. அது என் இடம்.

கணவர்: உன் இடமா? உனக்கு... உனக்குத் தெரியுமா? டாக்டர், சொல்லிட்டீங்களா?

டாக்டர்: என்னை எதுக்கு இழுக்கிறீங்க?

மனைவி: லைப்ரரியில தெரிஞ்சுது. எனக்குக் கொஞ்சம் தாமதமாத் தெரிஞ்சுது, அவ்ளோதான்.

கணவர்: அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

மனைவி: நீங்க சொன்னீங்களா?

கணவர்: நீ சங்கடப்படுவியேன்னு...

டாக்டர்: ஒரு நிமிஷம். அவர் உங்ககிட்ட எதைச் சொல்லணும்? படுத்தா மரக்கட்டை, ஒண்ணும் தெரியாதுன்னு இப்பதானே சொன்னீங்க?

மனைவி: அது... பொய் டாக்டர்.

கணவர்: நான் முழிச்சிருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: மூச்சு நின்னதும் என் மூக்குக்கிட்ட விரல வெச்சுப் பாக்குறீங்கல்ல? அப்புறம் மூச்சு வர்ற இழுப்புலயே எனக்கு முழிப்பு வந்துடுது. ஒரு தடவை கண்ணத் திறந்தேன்... சட்டுனு கைய எடுத்துட்டுத் திரும்பிப் படுத்து, பொய்யா குறட்டை விட ஆரம்பிச்சீங்க. உங்களுக்கு அது சுத்தமா வரல. அதுலேர்ந்து நான் கண்ணத் திறக்கிறதே இல்ல... அந்த விரல் கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்னுதான்.