ஐந்து நிமிட மணி

– கதவப் பூட்டிட்டீங்களா மாமா?

– பூட்டியாச்சு மாப்ள. உறுப்பினர்கள ஓட்டுக்குக் கூப்பிடற மணி நின்னதும் சபைக் கதவப் பூட்டணும், ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் திறக்கணும். பத்தொம்பது வருஷமா இதானே என் பொழப்பு. நீ உன் தலைவரோட கார விட்டுட்டு இங்க என்ன பண்ற?

– மணிய எத்தனை நிமிஷம் அடிச்சீங்க?

– அஞ்சு. என்னைக்கும் அடிக்கிற அஞ்சு.

– காலைல போன்ல என்ன சொன்னேன்? ஒரே நிமிஷத்துல நிறுத்துங்கன்னு சொன்னேன்ல?

– சொன்ன. கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கற எதிர்க்கட்சிக்காரங்க வந்து சேர்றதுக்குள்ள நான் பூட்டிடணும், ஆறு மாசத்துக்கு மொத்த அதிகாரத்தையும் உன் தலைவர் கைல குடுக்கற சட்டம் ஜெயிச்சிரணும். ‘அக்காவுக்கு ஊசி மருந்து வந்துரும்’னு தூண்டில் வேற போட்ட. உன்ன நான் அப்படி நெனைக்கல மாப்ள.

– போன்ல ஒட்டுக் கேக்கறாங்க மாமா. நான் வேற எப்படிச் சொல்றது?

– மருந்துக் கடை மூணு மாசமா காலி, இல்லேங்கல. நம்ம தெருவுக்குப் பால் வண்டிய மறுபடி வர வச்சவர் அவர்தான், அதையும் மறுக்கல. உங்கக்கா அவர் படத்த சமையலறை அலமாரில ஒட்டி வச்சிருக்கா. ‘ஆறு மாசம்தானே கேக்கறார், குடுத்துத் தொலைங்களேன்’ங்கறா. பசிச்ச வீட்ல நியாயம் பேசினா எடுபடுமா? அதுக்காக மணில கை வைக்க மாட்டேன். அந்தச் சட்டம் ஜெயிக்கட்டும், தோக்கட்டும். எல்லாரும் உள்ள உக்காந்து ஓட்டுப் போட்டு நடக்கட்டும்.

– ஓட்டு நேத்தே முடிஞ்சு போச்சு.

– என்ன உளர்ற?

– நேத்து பூரா ஒவ்வொரு உறுப்பினர் வீடாப் போனோம். நான்தான் வண்டி ஓட்டினேன். முக்காவாசிப் பேர் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாங்க. பாதிப் பேர் பயத்துல, மீதிப் பேர் பதவி ஆசைல. இன்னிக்கு உள்ள நடக்கறது வெறும் கண்துடைப்பு.

– அப்புறம் எதுக்கு என்னைச் சீக்கிரம் பூட்டச் சொன்ன?

– எதிர்த்துக் கை தூக்கறவங்கள அப்படியே அள்ளிட்டுப் போகப் போறாங்க. பின்வாசல்ல நாலு வேன் நிக்குது, ஜன்னல் இல்லாத வேன். பின்சீட்ல பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. கேன்டீன்ல இருந்த அந்த முப்பது பேரும் வெளியவே மாட்டிக்கிட்டா, ஆளுக்கொரு பக்கமாத் தப்பிச்சாவது போவாங்கன்னு பார்த்தேன்.

– இத நேர்ல வந்து சொல்லக் கூடாதா?

– மணி அடிக்கறப்பத்தான் அவர் கார விட்டு இறங்கி உள்ள போனார். ஓடி வர்றேன். சாவியக் குடுங்க, பக்கத்துக் கதவையாவது திறப்போம்.

– சாவி இல்ல மாப்ள.

– எங்க?

– பூட்டின கையோட காவல் அதிகாரி வாங்கிட்டுப் போயிட்டார். புது உத்தரவாம். நானும் முறைப்படி கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தேன்.

– முறைப்படி. சரி, உக்காருங்க.

– சாப்பிட்ட கையக் கழுவாம ஓடி வந்தாங்கடா. ‘நல்லவேளை, நீங்களாவது முழுசா அடிச்சீங்க’ன்னு ஒரு அம்மா கும்பிட்டுட்டு உள்ள போனாங்க.

– உங்களுக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தாரே, அந்த வாத்தியார். அவரும் எதிர்த்துத்தானே கை தூக்குவார்?

– தனியா நின்னாலும் தூக்குவார்.

– அவர் ஒருத்தராவது பொழைச்சார். மத்தியானம் நூலகத்துல தூங்கிருவார்னு நீங்கதானே சொல்வீங்க. காது வேற சுத்தமாக் கேக்காது. நீங்க அம்பது நிமிஷம் அடிச்சிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டார்.

– அதனாலதான் மாப்ள, அவர மொதல்ல போய்த் தட்டி எழுப்பினேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, அவர் நாற்காலில உக்கார வச்சுட்டுத்தான் மணியவே அடிச்சேன்.