பத்திரமாக இறக்கத் தெரிந்த குருசாமி

தலைமை தாங்கி வீற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் சுருளிவேல் அவர்களே! கடற்கரை ராக்கெட் நிலையத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கும், குருசாமியோடு வேலை பார்த்த அப்பாஸ் அவர்களே! சின்னாளபட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே!

நான் மேடை ஏறினால் கூரை ஓடுகள் தாமாக ஒதுங்கி வழிவிடும். என் குரல் சிறுமலையில் முட்டித் திரும்புவதற்குள் கூட்டம் இரண்டு தரம் காபி குடித்துவிடும். இன்று அந்தக் குரல் இல்லை, ஐயா. மருமகனுக்கு இரங்கல் பேச வந்த தாய்மாமனுக்குத் தொண்டை ஏது? போதாததற்கு, அவனைப் பெற்ற என் அக்கா அழகம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்: “ஏலே, நீட்டி முழக்காத. சுருக்காப் பேசிட்டு வா. துணியப் பிடிக்க ஆளு வேணும்.”

எந்தத் துணி? சொல்கிறேன்.

பொறியாளர் திலகம் குருசாமி! முப்பத்தாறு வயதில் மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்த குருசாமி! ராக்கெட் என்றால் தீபாவளி வாணம் என்று நாடே நினைத்திருந்த நாளில் அந்த வேலைக்குப் போனவன். சந்திரனுக்கு ஏணி கட்டுகிறான் என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு முதல் ஆயக்குடி கொய்யாத் தோப்பு வரை தம்பட்டம் அடித்தவன் நான். ஒருநாள் என்னை மடக்கினான். “மாமா, ஏத்திவிட ஆயிரம் பேரு இருக்காக. மேல போன கருவி உடையாம இறங்கணும்ல? அந்தப் பாராசூட்டுதான் என் வேலை.”

என் மானம் கப்பலேறியது! சந்திரன் போய்க் குடை வந்ததே!

அந்தக் குடையை லீவில் வந்தபோது திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியிலிருந்து விட்டான். அக்கா தைத்த துணி; அவள் போட்ட தையல் பிரியாது என்பது அவன் கட்சி. அடியில் தொங்கிய கூடையில் ஒரு கோழிமுட்டை. காற்று அதைக் கொண்டுபோய் மூக்காயியின் மல்லிகைத் தோட்டத்தில் இறக்கியது.

“எவன்லே எந்தோட்டத்துல வேட்டியக் காயப்போட்டது?” என்று அரிவாளோடு வந்தவள், கூடைக்குள் பார்த்தாள். “அட, முட்டை உடையலியே அப்பு!” என்றாள். செடி ஒடிந்ததற்கு அபராதமாக அதைப் பொரித்தும் தின்றுவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், கோழிகூட அதை அத்தனை மெதுவாக இட்டிருக்காது!

அந்த மூக்காயி இதோ முன்வரிசையில் அழுகிறாள். எல்லாவற்றையும் நிதானமாக இறக்கத் தெரிந்தவன் தான் போவதில் மட்டும் ஏன் இத்தனை அவசரம் காட்டினான்?

வானத்தை நோக்கி விரல் நீட்டும் சிலை வைப்போம் என்றார் தலைவர். வையுங்கள். ஆனால் விரல் கீழே காட்டட்டும். அது அப்புறம். காய்ச்சலோடு வந்தபோதும் அவன் ஒரு பாராசூட்டுத் துணியைத்தான் சுமந்து வந்தான். அக்கா பாதி தைப்பதற்குள் கண்மூடிவிட்டான். அப்பாஸ் தம்பி என்னிடம் சொன்னார்: “நாளைக்கு நான் வெறுங்கையோட போனா, அடுத்த ராக்கெட்டுல அவரு பாராசூட்டுக்கு ஒதுக்கின இடத்தை வேற கருவிக்குக் குடுத்துருவாங்க. மறுபடி எப்பக் கிடைக்குமோ.”

கிடைத்த இடத்தை விடலாமா? நம் குருசாமியின் குடை விரியாமலே போகலாமா?

ஆகவே மௌன அஞ்சலிக்கு யாரும் எழ வேண்டாம். கேட்கிறதா? பக்கத்து அறையில் அக்கா தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். துணி இந்த வாசல் வழியாக வரும். ஆளுக்கொரு ஓரத்தை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் உரச விடாதீர்கள். விடிந்தாலும் சரி, கடைசித் தையல் விழும்வரை இதுவே நம் அஞ்சலி. மூக்காயி, கண்ணைத் துடை தாயி, ஈரம் படக்கூடாது.

தலைவரே, மேடையில் நமக்கு என்ன வேலை? வாருங்கள், கையைக் கொடுங்கள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

மெதுவாக இறங்குவோம்.