கண்ணாடி இல்லாத சோடா

— மூஞ்சத் திருப்பிக்காதண்ணா. ஒரே ஒரு தடவ பாத்துட்டு, சரி, இல்லன்னு ஏதாவது ஒண்ணு சொல்லு.

— நீயே சொல்லிடு பாப்பா. உனக்குத் தெரியாததா.

— நல்லா இருக்கே கத. முப்பது வருஷம் அந்தக் காமிக்ஸ வரைஞ்சது நீ. நான் பலூனுக்குள்ள எழுத்து எழுதினவ. அதத் திரும்பப் போடற கம்பெனிக்காரங்க புது சோடா படத்துக்கு உன் கையெழுத்தத்தான் கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா, சோடா இல்லாமலே புதுசா ஆரம்பிச்சிருவாங்களாம்.

— ஆரம்பிக்கட்டும்.

— சோடா இல்லாமயா?

— அந்தக் கூட்டத்துல நாலு பசங்க. ஒருத்தன் கொறஞ்சா கத நின்னுடாது. நின்னுச்சா அப்போ?

— அப்போங்கறது வேறண்ணா.

— என்ன வேற? நம்ம சின்னவன் காய்ச்சல்ல செத்த அதே வாரம், வெள்ளிக்கெழமை இதழ் டாண்ணு கடைக்கு வந்துச்சு. அதுல சோடா சைக்கிளோட சேத்துல விழுவான். ஜனங்க சிரிச்சாங்க. வரைஞ்சது நான். 'ஐயோ, என் கண்ணாடி'ன்னு பலூன்ல எழுதினது நீ.

— ஞாபகம் இருக்கு. எழுதறப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் வரல எனக்கு.

— எனக்கும்தான். அன்னிக்கும் ஒண்ணும் வரல, இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வரல. பதினேழு வயசுல போயிட்டான். சோடாவ மட்டும் பள்ளிக்கூடத்தத் தாண்ட விடாம வெச்சிருந்தேன், அவ்வளவுதான். காபி ஆறிப் போச்சு பாரு, எடுத்துட்டுப் போ.

— பேச்ச மாத்தாத. இங்க பாரு, மத்த மூணு பேரையும் வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. நெசப் பசங்க மாதிரியே இருக்கு. குள்ளச்சி கையில போனு. மொட்டை முடி வளத்துட்டான்.

— மொட்டைக்கு முடியா.

— அதுக்கு நீலக் கலர் வேற அடிச்சிருக்கான்.

— நாசமாப் போச்சு. சரி, அவங்க பாடு.

— சோடாதான் அவங்களுக்கு இடிக்குது. இந்தக் காலத்துப் பையன் எவன் அவ்வளவு தடிமன் கண்ணாடி போடறான், லென்ஸ் வெச்சுப்பான், அதனால கண்ணாடிய எடுத்துடறோம்னாங்க. எடுத்தா உள்ள கண்ணையே காணோம்.

— நான்தான் கண்ணே வரையலையே. ரெண்டு வட்டம், உள்ள வெள்ளை. வேல சட்டுனு முடியும்.

— அதான் அந்தப் புது ஆர்ட்டிஸ்ட் பொண்ணு கேட்டா. உங்க தம்பியப் பாத்துதான சோடாவ வரைஞ்சீங்க, அவர் போட்டோ ஒண்ணு குடுங்கன்னு.

— போட்டோவுக்கு எங்க போறது? ஆல்பத்தத் தொறந்தா அவன் நிக்கிற எடமெல்லாம் ஓட்டை.

— யாரு போட்ட ஓட்ட?

— நான்தான். பிளேடால அவன மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடி மேசையில வெச்சு, அடியில லைட்டப் போட்டு, மேல தாள வெச்சு அப்படியே வரைஞ்சுக்குவேன். வேல முடிஞ்சா குப்பையில போட்டுடுவேன். ஆளு பக்கத்து ரூம்ல இருக்கான், போட்டோ எதுக்குன்னு நெனப்பு.

— அம்மா ஒரு வார்த்த கேக்கல உன்ன.

— கேட்டிருக்கலாம். உனக்கு அவன் கண்ணு ஞாபகம் இருக்கா பாப்பா?

— பொய் சொல்லக் கூடாது. இல்லண்ணா. நெனச்சுப் பாத்தா அந்த ரெண்டு வட்டம்தான் வருது.

— எனக்கும் அதான். கூடப் பொறந்தவன் மூஞ்சி போயிடுச்சு, நான் வரைஞ்ச மூஞ்சி நின்னுடுச்சு. நான் எதப் பாத்து சரின்னு சொல்ல?

— பாக்காமலே எப்படிச் சொல்லுவ? இந்தா, போனப் புடி, அந்தப் பொண்ணு கண்ணோட வரைஞ்ச சோடா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு.

— குடு.

— என்னண்ணா, மூஞ்சிகிட்டயே கொண்டு போயிட்ட?

— இரு.

— சரியில்லன்னா சொல்லிடு. மாத்தச் சொல்றேன்.

— மாத்த வேண்டாம். ஒரு கோடு கூடத் தொடக் கூடாதுன்னு சொல்லு. இவன்தான் பாப்பா. இதே கண்ணுதான். என்னமோ கேக்க வருவான், நான் வேலையா இருக்கறதப் பாத்துட்டு, கேக்காமலே மேசை பக்கத்துல நிப்பான் பாரு... அப்படியே நிக்கிறான்.

— அண்ணா, அழறியா?

— தெரியல. எங்க போடணும் கையெழுத்து? இங்கயா?

— கீழ. வெரலாலயே போடலாம்.

— போட்டாச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. மூஞ்சியே தெரியாதவன எப்படித்தான் புடிச்சாளோ. போட்டோ எங்க கெடச்சுதாம்?

— நான்தான் குடுத்தேன். நீ காலேஜ்ல சேந்தப்போ அப்ளிகேஷன்ல ஒட்ட எடுத்தது. அது உன் போட்டோண்ணா.